சம்பந்தியின் பெயரில் மில் மைதானம்

நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள வரைபட அறையில் வேலை பார்த்த அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்தது யார் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. தபால் பிரிவில் இருந்தவர்கள் தாங்கள்தான் வைத்ததாகச் சொல்வார்கள். அவளுடைய கணவரோ, கல்யாணமான முதல் மாதமே தாம் மனத்துக்குள் வைத்துவிட்டதாகவும், வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வருவதற்குள் அலுவலகம் முந்திக்கொண்டதாகவும் சொல்வார். பெயர் பொருத்தமானது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை கிடையாது. பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியைப் படித்த பிறகு அவள் அதை முகர்ந்தும் பார்ப்பாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்த தன் கையையே நம்பாமல் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "என் வேலையில உன்னை மாதிரி ஒரு ஆள் இருந்தா, ஊர்ல எந்த லிஃப்டும் தரையை விட்டுக் கிளம்பியிருக்காது," என்பார்.

அவளுடைய வேலையும் அவள் குணத்துக்குத் தோதாகவே அமைந்திருந்தது. ஊரின் மனைகளும் தெருக்களும் சாக்கடைகளும் கணினியில் கோடுகளாகவும் கட்டங்களாகவும் வரையப்பட்டு, பழைய காலத்துக் கோப்பு வடிவம் ஒன்றில் கிடந்தன. அலுவலகத்தில் அதற்கு 'ஷேப் ஃபைல்' என்று பெயர். பெயர்தான் ஒருமை, பிரித்துப் பார்த்தால் ஒரே பெயரைச் சூட்டிக்கொண்ட நான்கைந்து கோப்புகள். ஒன்றில் மனைகளின் உருவம் மட்டும் இருக்கும். இன்னொன்றில் உரிமையாளர் பெயர், மனை எண், பரப்பு என்று அட்டவணை மட்டும் இருக்கும். முதல் உருவத்துக்கு முதல் வரி, இரண்டாம் உருவத்துக்கு இரண்டாம் வரி என்ற வரிசை ஒன்றுதான் அவ்விரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு. இந்தக் கோப்புக் குடும்பத்தை, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கும் 'ஜியோபேக்கேஜ்' என்ற புதிய வடிவத்துக்கு வார்டு வார்டாக மாற்றுவது அவள் பொறுப்பு. அதற்கு அவள் பயன்படுத்தியது காசு கொடுத்து வாங்காத, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட மென்பொருள்.

"ஓசியில கிடைக்கிற சாமானை வச்சு ஊரையே மாத்துறீங்களே மேடம், பயமா இல்லையா?" என்று கணக்குப் பிரிவுக்காரர் ஒருமுறை சீண்டினார்.

"ஓசிங்கிறதுக்காக எடுக்கல சார். இதோட மூடியைக் கழட்டி உள்ள என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம். உங்க கணக்கை அப்படிக் கழட்டிப் பார்க்க விடுவீங்களா?"

அதன் பிறகு கணக்குப் பிரிவுக்காரர் அந்த மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மூடி கழன்ற மென்பொருளையும் அவள் முழுதாக நம்பிவிடவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பழையதில் எத்தனை மனை, புதியதில் எத்தனை மனை என்று எண்ணிப் பார்ப்பாள். மொத்தப் பரப்பைக் கூட்டி ஒப்பிடுவாள். பழைய படத்தைச் சிவப்பிலும் புதியதை நீலத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நீலத்துக்கு அடியிலிருந்து சிவப்பு எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் துழாவுவாள். இத்தனையும் சரியாக வந்தால்தான் டீ குடிக்கப் போவாள்.

கீழ்த் தளத்தில், சொத்துவரிப் பிரிவில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த எழுத்தர் ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் 'சீப்பு' என்பார்கள். வகிடு பிசகாமல் தலை வாரியிருப்பார் என்பது ஒரு காரணம். கண்ணில் பட்ட எதையும் வாரி வரிசையாக்காமல் அவர் கை ஓயாது என்பதே முக்கியக் காரணம். பிறர் மேசையருகே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல்கள் அந்த மேசையிலுள்ள காகிதக் கட்டின் ஓரங்களைத் தட்டித் தட்டி நேராக்கிவிடும். குண்டூசிகளைக்கூடத் தலை ஒரு பக்கமாகவே வைப்பார் என்று சொல்வார்கள். அதை நேரில் கண்டவர்களும் உண்டு.

இந்தச் சீப்பின் மகனைத்தான் சல்லடையின் மகள் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரே மருத்துவமனையில் அவள் எக்ஸ்ரே பிரிவு, அவன் மருந்தகம். பையனைப் பற்றி விசாரிக்க வேண்டிய இடமெல்லாம் விசாரித்து, சல்லடையில் ஒன்றும் தங்காததால், அவளும் ஒருவழியாகத் தலையசைத்தாள். இரு வீட்டாரும் அன்றே ஒருவரையொருவர் சம்பந்தி என்று அழைக்கத் தொடங்கினார்கள். பையன் வீட்டுக்கு இவர்கள் ஒருமுறை போய் வந்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இங்கே வந்து, பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்யும் நாளை முடிவு செய்வதாக ஏற்பாடு.

போய்வந்த அன்றே அவள் மனத்தில் ஒரு முள் குத்திவிட்டது.

"அவங்க சமையலறையில டப்பாவெல்லாம் உயரப்படி அடுக்கியிருந்ததைப் பார்த்தீங்களா?" என்று பேருந்தில் கணவரிடம் கேட்டாள்.

"பார்த்தேன். லட்சணமா இருந்துச்சு."

"அவ்வளவு சுத்தம் எதுக்குங்க? மறைக்க ஒண்ணும் இல்லாதவங்க வீடு கொஞ்சமாவது கலைஞ்சு கிடக்கும்."

"அப்படிப் பார்த்தா நம்ம வீட்டுல மறைக்கிறதுக்கு ஒரு துரும்புகூட இல்லம்மா," என்றார் அவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. "எங்களுக்குன்னு இருக்கிறது அப்பா காலத்து இந்த வீடு ஒண்ணுதான்," என்று சம்பந்தி இரண்டு முறை சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

அதே வாரம் சம்பந்தியின் வீடு இருந்த வார்டு அவள் கைக்கு வந்தது. மாற்றினாள். எண்ணிக்கை ஒத்துப்போனது, பரப்பு ஒத்துப்போனது, நீலத்துக்கு அடியில் ஒரு மயிரிழைகூடச் சிவப்பு தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது, டீ குடிக்கப் போகலாம். அவள் போகவில்லை. அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தேடும் கட்டத்தில் சம்பந்தியின் பெயரைத் தட்டினாள். பெண் கொடுக்கப் போகிற இடம்; ஒரு தாய் தெரிந்துவைத்துக்கொள்வதில் தப்பென்ன என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

படம் நகர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. அது சம்பந்தியின் தெரு அல்ல. வார்டின் மறுகோடியில், மூடிப்போன நூல் மில்லின் மைதானம் முழுவதும் மஞ்சளாக ஒளிர்ந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் சம்பந்தியின் பெயர், தகப்பன் பெயரோடு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது.

சம்பந்தியின் வீட்டைப் படத்தில் தேடிப் பிடித்து அழுத்தினாள். தான் உட்கார்ந்து காபி குடித்த அந்த வீடு, யாரோ ஒரு கடிகாரம் பழுது பார்ப்பவர் பெயரில் இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. மில் முதலாளியின் வாரிசுகள் ஆளுக்கொரு தேசத்தில் இருந்துகொண்டு வழக்காடுகிறார்கள். இடத்தைப் பார்க்க ஆளில்லை. சொத்துவரிக் கோப்புகள் எல்லாம் சீப்பின் கை வழியாகத்தான் போகின்றன. கேட்பாரற்ற இடத்தில் சத்தமில்லாமல் தன் பெயரை ஏற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற வீட்டைப் பினாமி பெயரில் ஒதுக்கிவிட்டார். டப்பாக்களை உயரப்படி அடுக்குகிறவருக்கு இதுவா கஷ்டம்!

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நேரா அவர்கிட்டயே கேட்டுடேன்."

"திருடன்கிட்ட போய் நீ திருடினியான்னா கேட்கிறது? இல்லைன்னு சொல்வான்."

"திருடாதவனும் இல்லைன்னுதானே சொல்வான்?"

"அதான். கேட்டு என்ன பிரயோஜனம்?"

அவர் ஸ்பேனரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவளிடம் வாதம் செய்து யாரும் வென்றதில்லை. வென்றாலும் அவள் அந்த வெற்றியைச் சந்தேகிப்பாள்.

மறுநாள் அலுவலகக் கேண்டீனில், தற்செயலாக வந்ததுபோல, சம்பந்தியின் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவர் சர்க்கரைப் பொட்டலங்களை ஒரே திசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க பக்கம் அந்த மில்லு மைதானம் சும்மாவே கிடக்குதே சம்பந்தி. யாருதுன்னு ஏதாவது தெரியுமா?"

"அதை ஏன் கேட்கிறீங்க!" சம்பந்தியின் முகம் மலர்ந்தது. "தினமும் காலையில அந்த வழியாத்தான் நடக்கப் போறேன். பார்த்தாலே மனசு பதறுது. எவ்வளவு நல்ல இடம், புதர் மண்டிக் கிடக்கு. என் கையில மட்டும் இருந்தா ஒரே மாசத்துல சீராக்கிடுவேன்."

"உங்க கையிலயா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன் சம்பந்தி."

அவள் டீயை ஊதினாள். "அந்த வார்டு கோப்பு இப்ப என்கிட்ட வந்திருக்கு," என்றாள், அவர் முகத்தைப் பார்த்தபடி.

"தெரியும். எல்லாரும் திறக்கிற பொதுக் கோப்புறையில கிடந்துச்சே. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி நானும் அதுல கொஞ்சம் கை வச்சேன். ரொம்பத் தாறுமாறா இருந்துச்சு, ஒரு பேரைத் தேடி எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்போல. ஒழுங்கு பண்ணி வச்சேன். உங்களுக்கும் வேலை சுலபமா இருந்திருக்குமே?"

டீ அவளுக்குப் புரையேறியது. கை வைத்தேன் என்கிறார். ஒழுங்கு பண்ணினேன் என்கிறார். அதையும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பழக்கப்பட்ட கை என்று முடிவு கட்டினாள்.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்குச் சுற்றுவழியில் போனாள். மில் வாசலுக்கு எதிரே, இன்னும் திறக்காத மருந்துக்கடையின் ஓரமாக நின்றாள். சிறிது நேரத்தில் சம்பந்தி கைவீசி நடந்து வந்தார். வாசலில் நின்றார். இரு பக்கமும் பார்த்தார். இரும்புக் கதவின் மேல் கை வைத்து, அதில் சாய்ந்து தொங்கிய துருப்பிடித்த பலகையை நிமிர்த்தி நேராக வைத்தார். இரண்டடி பின்னால் வந்து அதை அழகு பார்த்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு திருப்தியோடு நடையைக் கட்டினார்.

சொந்த இடம் என்ற பாத்தியதை இல்லாதவன் அப்படிப் பார்ப்பானா?

அன்று மாலை மகளிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வர வேண்டாம், நாள் குறிப்பதை ஒத்திப்போடலாம் என்றாள். மகள் காரணம் கேட்டாள். அவள் முழுதாகச் சொன்னாள்.

மகள் காலணியைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அவர் பேரை நீ எதுக்குத் தேடின?"

"தேடினதாலதானே தெரிஞ்சுது?"

"நான் அதைக் கேட்கல. மூணாம் வகுப்புல என் டிபன் டப்பாவை மோந்து பார்த்த. காலேஜ்ல என் சிநேகிதி அப்பாவோட வேலையை விசாரிச்ச. இப்ப இவர். நாளைக்கு எனக்குக் குழந்தை பிறந்தா அதையும் சிவப்பு நீலம் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பியா?"

"ஏய், அம்மாகிட்ட..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க. அம்மா, அவர் திருடன்னா அதை அதிகாரிகிட்ட சொல்லு. எழுதிக் கொடு. நானும் இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிடறேன். அப்படி இல்லைன்னா ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க, நீ வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடற. ரெண்டுல ஒண்ணு. நடுவுல நின்னு அரை மனசா ஒத்திப்போடற வேலையெல்லாம் வேண்டாம்."

அவளுக்கு மகளின் பேச்சு வலித்தது; ஆனாலும் அதில் ஓட்டை எதையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் புகாரை எழுத உட்கார்ந்தாள். திங்கட்கிழமை அந்த வார்டின் புதிய வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட இருந்தது. அதற்குள் மேலாளர் கையில் சேர்க்க வேண்டும். புகார் என்றால் விவரம் சுத்தமாக இருக்க வேண்டும். மைதானத்தின் பரப்பைக் குறிப்பிடுவதற்காக, சம்பந்தியின் பெயர் இருந்த வரியைத் திறந்து பரப்பு என்ற இடத்தைப் பார்த்தாள். ஒரு சின்ன வீடு கட்டும் அளவுதான் அங்கே போட்டிருந்தது. அந்த மைதானத்திலோ கால்பந்தே விளையாடலாம்.

'பரப்பையும் குறைத்திருக்கிறார், வரியை ஏய்க்க!' என்றுதான் முதலில் தோன்றியது. இன்னும் யார் யாருக்கு இப்படிக் குறைத்துக் கொடுத்திருக்கிறார் என்று பார்க்கப் பக்கத்து மனையை அழுத்தினாள். அது அரசுப் பள்ளிக்கூடம். தையல்காரர் ஒருவர் பெயரில் இருந்தது. தீயணைப்பு நிலையத்தை அழுத்தினாள்; ஒரு பல் மருத்துவருக்குச் சொந்தம். பொதுக் கழிப்பறைக்கு உரிமையாளர் மில் முதலாளி.

அவள் கை மவுஸை விட்டு விலகியது. சம்பந்தி திருடராக இருக்கலாம். கடிகாரக்காரர் கூட்டாளியாக இருக்கலாம். தையல்காரரும் பல் மருத்துவரும் இந்த வார்டில் குடியிருக்கும் அத்தனை பேரும் கூட்டுக் களவாணிகளாக இருக்க முடியாது. அவளுடைய சந்தேகத்துக்குக்கூட அவ்வளவு பெரிய வயிறு கிடையாது.

அட்டவணையை முதல் வரியிலிருந்து ஓடவிட்டாள். அ-வில் தொடங்கும் பெயர்கள் முடிந்து ஆ வந்தது. ஆ முடிந்து இ. கடைசி வரி வரை ஒரு பெயர்கூட இடம் பிசகாமல், வாரிவிட்டது போல் அகரவரிசையில் நின்றது. மனைகளின் உருவங்களோ, அளந்தவர்கள் தெருத் தெருவாக நடந்த வரிசையில் இருந்தன. எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் மனிதர்கள் அகரவரிசையில் குடியிருப்பதில்லை.

ஒழுங்கு பண்ணி வச்சேன் என்று அவர் சொன்னது அப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது. உருவக் கோப்பைத் தொடாமல் அட்டவணைக் கோப்பை மட்டும் தனியே திறந்து, வரிகளைப் பெயர்களின் அகரவரிசையில் அடுக்கி, சேமித்து வைத்திருக்கிறார். வரிசை என்ற கயிறு அறுந்துவிட்டது. ஒவ்வொருவர் பெயரும் எங்கெங்கோ இருந்த இன்னொருவர் மனையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அதைப் புதிய வடிவத்துக்கு மாற்றியபோது அந்தத் தப்பான சோடிகளையே இறுக்கிக் கட்டி மூட்டையாக்கிவிட்டாள். எண்ணிக்கை எப்படி மாறும்? யாரும் குறையவில்லை. பரப்பு எப்படி மாறும்? உருவத்தை யாரும் தொடவில்லை. சிவப்புக்கு மேல் நீலம் பொருந்தத்தான் செய்யும். ஏதாவது இரண்டு மனைகளைச் சும்மா அழுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் பார்த்தது ஒரே ஒருவர் பெயரை. அதுவும் வேறு நோக்கத்தோடு.

பாதி எழுதிய புகாரை அழித்தாள். கணினியின் குப்பைத் தொட்டியைத் திறந்து, அங்கிருந்தும் அது போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு தன்னுடைய காப்புப் பிரதியைத் திறந்தாள். அது கோப்பு தன் கைக்கு வந்த அன்று எடுத்தது. அதிலும் பெயர்கள் அகரவரிசையில்தான் இருந்தன. பழைய வரிசை எங்குமே இல்லையென்றால் வார்டு முழுவதையும் மறுபடி அளக்க வேண்டும். விசாரணை வரும். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் சம்பந்தி கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். திருடன் என்று சந்தேகித்து நிறுத்தப் பார்த்த கல்யாணம், இப்போது அவர் திருடன் இல்லை என்று தெரிந்த பிறகும் நின்றுபோகலாம்.

அவள் கீழ்த் தளத்துக்கு இறங்கினாள்.

கோப்புக்கு நேர்ந்ததை அவள் சொல்ல, சம்பந்தி அமைதியாகக் கேட்டார். "பேர் வரிசையில அடுக்கத்தானே செஞ்சேன். ஒரு பேரைக்கூட அழிக்கலையே?"

"அழிக்கல சம்பந்தி. எல்லாரையும் வீடு மாத்திட்டீங்க."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேசை மேலிருந்த பேனாவை நேராக்கினார், மறுபடி நேராக்கினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வரிசையாக இருந்த பென் டிரைவ்களில் ஒன்றை எடுத்து நீட்டினார். வார்டின் எண்ணும், 'தொடுவதற்கு முன்' என்ற சொற்களும் அதில் ஒட்டப்பட்டிருந்தன.

"காப்பி எடுத்து வச்சீங்களா?" அவளால் நம்ப முடியவில்லை. "எதுக்கு?"

"தப்பா எடுத்துக்கக் கூடாது..." என்று இழுத்தார். "பழசைப் புதுசா மாத்துறேன்னு மாடியில ஏதாவது தொலைச்சுட்டீங்கன்னா? உங்க வேலை மேல ஒரு சந்தேகம்தான்."

யார் புகழ்ந்தும் அவளுக்கு மனம் அவ்வளவு குளிர்ந்ததில்லை. சம்பந்தி என்ற சொல்லுக்கு ஏற்ற மனிதர் இவர்தான் என்று அந்தக் கணத்தில் தோன்றியது. பென் டிரைவை வாங்கிக்கொண்டு திரும்பியவளை அவர் குரல் நிறுத்தியது.

"அது சரி சம்பந்தி, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சும்மா சரிபார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் பொய்யைச் சலித்தே பழகிய வாய்க்குச் சொந்தப் பொய் வரவில்லை. "உங்க பேரைத் தேடினேன். மில்லு மைதானத்துல வந்துச்சு."

"என் பேரையா?" அவர் விரல்கள் பேனாவின் மேல் அப்படியே நின்றன. "ஓ. அதான் அன்னைக்குக் கேண்டீன்ல மில்லைப் பத்திக் கேட்டீங்களா? அப்ப இத்தனை நாளும் என்னைத் திருடன்னு நினைச்சிருக்கீங்க."

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. "நான் போய் மேலாளர்கிட்ட நானே சொல்லிடறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைக்காமல் அவர் போனதை அந்தப் பிரிவே வேடிக்கை பார்த்தது.

மேலாளர் சத்தம் போட்டார். பொதுக் கோப்புறையைப் பூட்டச் சொன்னார். பிறகு, மூல அட்டவணை கிடைத்துவிட்டதால் திங்கட்கிழமைக்குள் சரிசெய்தால் போதும் என்று விட்டுவிட்டார். அவள் பழைய அட்டவணையைப் பழைய உருவத்தோடு சேர்த்து, மறுபடி மாற்றினாள். இம்முறை அட்டவணையில் எழுதியிருந்த பரப்பையும், உருவத்திலிருந்து கணினி கணக்கிட்ட பரப்பையும் மனை மனையாக ஒப்பிட்டாள். அந்த ஒப்பீடு அன்றிலிருந்து அவளுடைய சோதனைகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. சம்பந்தி தம் சின்ன வீட்டுக்குத் திரும்பினார். கடிகாரக்காரர் தம் கடைக்குப் போனார். மில் மைதானம் மில் முதலாளியின் பெயருக்கே போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாராவது வருவார்களா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மகளிடம் அவள் நடந்ததை எல்லாம் சொல்லியிருந்தாள். மகள் திட்டவில்லை, அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. வருவதாகச் சொன்ன நேரம் கடந்தது. கணவர் துடைத்த நாற்காலிகளையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பையன்கிட்ட போன் போட்டுக் கேளேன்," என்றாள் அவள்.

"அவங்க அப்பா ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசலையாம். நான் என்னன்னு கேட்கிறது?" என்றாள் மகள், ஜன்னலை விட்டு நகராமல்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. சம்பந்தியும் அவர் மனைவியும் மகனும் இறங்கினார்கள். சல்லடை வாசலுக்குப் போனாள். மகள் சொன்னபடியே, "வாங்க," என்றாள். சம்பந்தி தலையை மட்டும் அசைத்தார். காலணியைக் கழற்றினார். உள்ளே வராமல் குனிந்து, தம்முடையதோடு அந்த வீட்டுக் காலணிகளையும் சோடி சோடியாகச் சுவரோரம் அடுக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிஸ்கட் தட்டு ஒரு சுற்று சுற்றி, தொடுவாரின்றி மேசைக்கே திரும்பியது.

"சம்பந்தி, நான் செய்தது..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அட, விடுங்க சம்பந்தி!" என்று சம்பந்தியின் மனைவி குறுக்கே புகுந்தார். "ரெண்டு நாளா வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உலாத்துறார். இன்னைக்குக் காலையில நான்தான் கேட்டேன், நீங்க மட்டும் என்ன யோக்கியம்னு. நீங்க எல்லாம் எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டு வரிக் கோப்பை எடுத்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சவர்தானே இவர்!"

மகன் வேறு பக்கம் பார்த்தான். சம்பந்தி பிஸ்கட்டுகளை வட்டமாக அடுக்கத் தொடங்கினார். முதலில் சிரித்தது மகள்தான். சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு பேச்சு தடையில்லாமல் ஓடியது. அடுத்த மாதக் கடைசியில் பதிவு அலுவலகத்துக்குப் போவது என்று நாள் முடிவாயிற்று. காலண்டரில் அந்தக் கட்டத்தைச் சம்பந்தியே அளவுகோல் வைத்ததுபோல் கோடு போட்டுக் குறித்தார்.

காபி கொண்டுவந்து வைக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "எங்க கோப்புல என்ன இருந்துச்சு சம்பந்தி?"

"எல்லாம் சுத்தம்," என்றார் அவர். ஒரு வாய் குடித்தார். "மாடியில தெரியுற அந்த அறை மட்டும் வரிக் கணக்குல வரலை."

கணவருக்குப் புரையேறியது. "அது அறை இல்ல சம்பந்தி. துணி காயப்போட ஒரு கூரை."

"கதவு இருக்குதே?"

"காத்துக்கு."

"காத்துக்கா? சரி, சரி," என்றார் சம்பந்தி. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. புறப்படும்போது மட்டும், காலணியில் கால் நுழைத்தபடி, மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அவர் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.